குழு வரும்வரை

ஜனவரி 11

என் அருமை அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நான் நலம். வீட்டுக் கூரை முக்கால் நலம். அம்மாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

முதலில் சந்தோஷச் செய்தி: எனக்குக் கால் உடைந்துவிட்டது. பதறாதே, காலையில் உடைந்து மத்தியானத்துக்குள் கூடிவிட்டது.

ஊர்க்கோடியில் வெளிநாட்டுக்காரர்கள் கட்டிக் கொடுத்த ஆஸ்பத்திரி ஞாபகம் இருக்கிறதா? நீ தலைநகருக்குப் பஸ் ஏறிய வருஷம் ரிப்பன் வெட்டினார்கள். அங்கே நடந்த ஒரே ஆபரேஷன் அதுதான். டாக்டர் யாரும் வந்து தங்கவில்லை. வார்டு பூட்டியே கிடக்கிறது. சாவி கண்காணிப்பாளரிடம். இடுப்பில் கொத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதால் ஊரில் அவருக்குப் பெயரே சாவிக்கொத்து. சாவி அவரிடம், சாவு எங்களிடம் என்று நான் சொன்னதற்கு அம்மா தலையில் குட்டினாள். நர்ஸக்கா மட்டும் தினமும் வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் பீப்பாய்கள் இருக்கின்றன. ஆனால் டீசலைத் தொட வேண்டுமென்றால் குழு வர வேண்டும். குழு என்றால், கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று பார்க்கக் கொடுத்த நாட்டிலிருந்து வருகிறவர்கள். உனக்கா சொல்ல வேண்டும், உன் பிழைப்பே அவர்களோடுதானே.

போன வாரம் குழு வந்தது. அதற்கு முன்னாலேயே சாவிக்கொத்து தெருத்தெருவாக ஆள் பிடித்தார். "நீ படுத்துக்க. நீ சாஞ்சு உட்காரு. நீ இருமு, ஆனா ரொம்ப இருமாத." கட்டிலுக்குக் கட்டில் ஓர் அட்டை, அட்டையில் ஒரு வியாதி. எனக்கும் தையல்காரருக்கும் கால்முறிவு, மாவுக்கட்டோடு. எனக்குக் கை சும்மா இருக்குமா? குழு உள்ளே வருவதற்குள் அட்டைகளை மாற்றிவிட்டேன். தையல்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு 'பிரசவம்' என்ற அட்டைக்குக் கீழே படுத்திருந்தார். வந்தவர்களுக்கு நம் எழுத்து தெரியாதே. அவர் காலைத் தட்டி 'வெரிகுட்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

இப்போது அம்மா. அங்கே நடிக்கத் தேவையில்லாத ஒரே ஆள் அவள்தான். இலவச மாவு வந்து ஊர் மில் மூடிய நாளிலிருந்து அந்த இலவச மாவு மூட்டைக் கிடங்கில்தானே சாக்கு உதறுகிறாள். உதறிய தூசி எல்லாம் நெஞ்சில். போன மழையிலிருந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். இதை நான் எழுதக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதவில்லை, பார்த்துக்கொள்.

அவளுக்கு நுரையீரல் அட்டை. பக்கத்தில் மூச்சு மெஷின். ஜெனரேட்டர் ஓடியதும் அதுவும் ஓடியது. டக்... உஸ்ஸ். டக்... உஸ்ஸ். குழாயை மூக்கில் வைத்ததும் அம்மா படுத்தாள், அக்கா. கால் நீட்டிப் படுத்தாள். குழு வந்ததும் போனதும் தெரியாமல் தூங்கினாள். நகத்தில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது.

காரின் தூசி அடங்கியதும் சாவிக்கொத்து மெஷினை நிறுத்தினார். அம்மா எழுந்து, "ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள். "முடிஞ்சு போச்சும்மா, வீட்டுக்குப் போ" என்றார்.

வீட்டில் அவள் தூங்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, வாயாலேயே அந்த மெஷின் மாதிரி சத்தம் போட்டுக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள்.

கால் உடைந்து கூடிய,
உன் வாலு


பிப்ரவரி 6

வாலுவுக்கு அன்பும் ஆசியும்.

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். அம்மாவின் சுகத்தையும் உன் அடக்கத்தையும் பற்றி நல்ல செய்தி எதிர்பார்க்கிறேன். இரண்டாவது கிடைக்காது என்று தெரியும்.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட்டேன். இனிமேல் அட்டை, நாடகம் என்றெல்லாம் எழுதாதே. நான் இருப்பது அமைச்சகத்தின் உதவிப் பிரிவு. வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பது, பயணத்தை ஏற்பாடு செய்வது என் வேலை. இங்கே சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருக்கிறது, வளர்ச்சியைக் காட்டும் சிவப்புக் கோடு. மாதாமாதம் ஒருவர் ஏணி போட்டு அதை நீட்டுகிறார். உண்மையாகவே நாடு வளர்கிறது, வாலு. என் அறை ஜன்னலுக்கு எதிரே மட்டும் நான்கு புதுக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. எங்கள் மின்தூக்கி நடுவில் நிற்பதே இல்லை.

அம்மாவைக் கிடங்குக்குப் போக வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டாள், ஆனாலும் சொல்.

குழுக்கள் எந்த ஊர்களுக்குப் போவது என்ற பயணத் திட்டத்தை நான்தான் தட்டச்சு செய்கிறேன். வழக்கமாக யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மார்ச்சில் ஒரு குழு வருகிறது. அம்மாவுக்குத் துவைத்த துணி எடுத்து வை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 24

மாண்புமிகு அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

உடம்பை விசாரித்து வணங்கி எழுதுவது வாலு.

வந்தார்கள்! சாவிக்கொத்துக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரே வருஷத்துல ரெண்டாவது குழு! நம்ம ஊருக்கு என்னமோ யோகம்மா" என்கிறார். அந்த யோகம் தலைநகரில் டைப்ரைட்டர் தட்டுகிறது என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது. திட்டம் அங்கே, திட்டு இங்கே என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இந்தத் தடவை ஆள் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை. முதல் ஆள் அம்மா. சாவிக்கொத்து எல்லாரையும் நிறுத்தி, "உள்ள நடக்கிறதப் பத்தி வெளியில யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார். அம்மா, "வெளியில முடியலன்னுதான் சார் உள்ள வந்திருக்கேன்" என்றாள். அவரே சிரித்துவிட்டார்.

குழு வரத் தாமதம். வழியில் பாலம் பழுதாம். அந்த நேரமெல்லாம் மெஷின் ஓடியது. நர்ஸக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பாலம் இன்னும் கொஞ்சம் பழுதாகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டோம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தையல்காரர் மாவுக்கட்டைக் கழற்றிய பிறகும் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். "பழக்க தோஷம், சரியாப் போயிடும்" என்கிறார். தையல் மிஷினை மிதிக்க முடியவில்லையாம். குழு போன மறுநாள் நான் வார்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆளில்லை. ஆனால் ஒவ்வொரு தலையணையிலும் தலை அழுந்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. யாரோ படுத்திருப்பது மாதிரியும் நமக்குத்தான் தெரியவில்லை என்பது மாதிரியும். என் தலையணையையும் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

அம்மா கேட்கச் சொன்னாள்: அடுத்தது எப்போது?

பணிவுடன் (பொய்),
வாலு


ஏப்ரல் 19

அன்புள்ள வாலு,

அம்மாவுக்கு என் வணக்கம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

மே கடைசியில் ஒரு பெரிய குழு. கொடுப்பதைத் தொடர்வதா என்று முடிவு செய்யப்போகிறவர்கள் இவர்கள்தான். தலைமை ஓர் அம்மையார். மற்றவர்கள் கட்டடத்தைப் பார்ப்பார்கள். இவர் ஆட்களிடம் பேசுவாராம். நானே மொழிபெயர்ப்பாளராக வருகிறேன்.

இதைக் கவனமாகக் கேள். அது என் ஊர் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால், எல்லாக் குழுவும் ஏன் அங்கேயே போகிறது என்று கேட்பார்கள். அதனால் நான் வார்டுக்குள் வரும்போது என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. கண்ணடிக்காதே. அட்டையைத் தொடாதே. அம்மாவிடமும் சொல்லிவை: என்னைக் கூப்பிடக் கூடாது. நான் யாரோ.

இது விளையாட்டு இல்லை.

அக்கா


மே 30

யாரோவுக்கு,

யாரோ ஒருத்தி எழுதுவது. யாரோ, நீ நலமாகப் போய்ச் சேர்ந்தாயா?

நான் கண்ணடிக்கவில்லை. அட்டையைத் தொடவில்லை. அடுத்த கட்டிலில் மாவுக்கட்டோடு சிலை மாதிரி கிடந்தேன். நீ உள்ளே வந்தபோது ஊரே உன்னைப் பார்த்தது, ஊரே உன்னைத் தெரியாது என்று நடித்தது. உனக்குச் சட்டை தைத்துப் போட்ட தையல்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் இத்தனை பெரிய நடிகர்கள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

அம்மா மட்டும்தான் சொதப்பிவிட்டாள். அவளுக்கு நான் எவ்வளவு பாடம் எடுத்தேன் தெரியுமா? 'சுகமா இருக்கேன்'னு சொல்லணும், அவ்வளவுதான், வேற எதுவும் பேசாத என்று. சரி சரி என்றாள். அந்த அம்மையார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்து, ஏதோ கேட்டார். நீ, "எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்" என்றாய். எவ்வளவு அழகான தமிழ்! அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. உன்னையே பார்த்தாள். மூக்குக் குழாயை ஒரு கையால் தள்ளிவிட்டுச் சொன்னாளே:

"நீ ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்ட? ராத்திரி சாப்பிடுறியா இல்லையா?"

வார்டில் யாரும் மூச்சு விடவில்லை. மெஷின் மட்டும் விட்டது.

அம்மையார் உன்னைப் பார்த்தார். உன் பின்னாலிருந்த அதிகாரியும் பார்த்தார். நீ அம்மா சொன்னதைவிட ரொம்ப நீளமாக ஏதோ சொன்னாய். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் அம்மாவைப் படம் எடுத்தார். அப்புறம் போய்விட்டீர்கள். நீ வாசலில் செருப்பை மாட்டச் சிரமப்பட்டதைப் பார்த்தேன்.

அப்படி என்ன சொன்னாய்? அம்மாவும் கேட்கிறாள்.

வாலு


ஜூலை 1

அன்புள்ள வாலு,

நலம். இங்கே வேலை அதிகம். குழுவின் அறிக்கையை நம் மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். தடிமனான அறிக்கை. சிவப்புக் கோடு வரைபடத்துக்கு மேலே போய்விட்டதால் சுவரில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். தலைமாட்டில் உயரமாக வைத்துப் படுக்கச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பளி வந்தது. நன்றாக இருக்கிறது. கேட்டதற்குப் பதில் மட்டும் பார்சலில் இல்லை. தபால்காரர் தின்றிருப்பார்.

பரவாயில்லை, ரேடியோ சொல்லிவிட்டது.

டீக்கடையில் அமைச்சர் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நாடு வளர்ந்துவிட்டதாம். ஏழை நாடுகளின் வரிசையிலிருந்து நம்மை அடுத்த வரிசைக்கு ஏற்றிவிட்டார்களாம். ஏறிவிட்டதால் இனி உதவி கிடையாதாம். மேல்வகுப்புக்குப் பாஸ் போட்ட அன்றே மதியச் சோற்றை நிறுத்தினது மாதிரி. யார் வளர்ந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. போன வருஷத்துச் செருப்பு எனக்கு இன்னும் சரியாகவே இருக்கிறது.

அப்புறம் அமைச்சர் குரலைத் தழைத்துக்கொண்டு சொன்னார்: "தூரத்து ஊர் ஒன்றில், மருத்துவமனைக் கட்டிலில் இருந்த ஒரு தாய் நம் வெளிநாட்டு நண்பர்களிடம் சொன்னாராம்: 'நாங்கள் தேறிவிட்டோம். இனி எங்கள் மூச்சை நாங்களே விட்டுக்கொள்வோம். எங்களைவிட இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்.'"

கடையில் எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரு பெத்த மகராசியோ, நல்லாப் பேசியிருக்கா" என்றாள். தெரு திரும்பியதும், "நான் கேட்டது ஒரு வரி. அவ சொன்னது நீளமாத்தான் இருந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக வந்துவிட்ட மாதிரி சொன்னாள்.

கிடங்கை மூடிவிட்டார்கள். வார்டுக்குப் புதுப் பூட்டு.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

வாலு


ஆகஸ்ட் 25

அக்கா,

உன்னிடமிருந்து தபால் இல்லை. நீ நலமாக இருக்க வேண்டும்.

அம்மா இப்போது நடுவில் நிறுத்தாமல் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதில்லை. இந்த மெஷினை நிறுவுவதற்கு முன்பு பக்கத்து டவுனிலிருந்து லாரியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வரும், ஞாபகமிருக்கிறதா? நர்ஸக்கா சிலிண்டர் அனுப்புகிறவர்களுக்கு எழுதிக் கேட்டாள். "உங்களுக்குத்தான் மெஷின் வந்துவிட்டதே" என்று பதில்.

சாவிக்கொத்திடம் போனேன். முதல் தடவையாக விளையாடாமல் போனேன். வார்டைத் திறங்கள் சார், டீசல்தான் இருக்கிறதே என்றேன். "இருக்கும்மா. குழுவுக்குன்னு கொடுத்தது. அளந்து வச்சிருக்கு. குழு வராமத் தொட்டா நான் திருடன்" என்றார். "குழு வந்தா?" என்றேன். "வந்தா இந்த நிமிஷம் தொறப்பேன்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பெண்டாட்டியும் கிடங்கில் சாக்கு உதறியவள்தான். அவள் இப்போது இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெஷினைப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருக்கிறார்கள். காற்றே இல்லை, ஆனால் அந்தத் தாள் உப்பி உப்பி அடங்குகிறது.

வீட்டில் நான்தான் மெஷின். டக்... உஸ்ஸ். இப்போதெல்லாம் அம்மா சிரிப்பதில்லை. கேட்டபடியே அதோடு சேர்ந்து இழுக்கிறாள். நான் நிறுத்தினால் கண்ணைத் திறக்கிறாள்.

வாலு


செப்டம்பர் 5

வாலு,

கண்காணிப்பாளருக்கு இன்று அலுவலக உத்தரவு ஒன்று தபாலில் கிளம்புகிறது. அதில் இருப்பது இது: 'உயர்மட்டக் குழு ஒன்று தங்கள் மருத்துவமனையைப் பார்வையிட வருகிறது. தேதி உறுதியாகவில்லை. குழு வரும்வரை வார்டை முழு இயக்கத்தில் வைத்திருக்கவும்.'

அம்மாவிடம் சொல், பெரிய குழு. வர நாளாகும்.

இதற்குமேல் எதுவும் கேட்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


செப்டம்பர் 29

என் தங்கமான, வைரமான, கோமேதகமான அக்காவுக்கு,

ஓடுகிறது! டக்... உஸ்ஸ்! என் வாய்க்கு ஓய்வு. அம்மா கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். மூன்று வாய் சோறு கூடச் சாப்பிட்டாள். "அவளுக்கு எழுது, நான் நல்லா இருக்கேன்னு" என்று முழு வாக்கியமாகச் சொன்னாள்.

உத்தரவு வந்த அன்று சாவிக்கொத்து அதைப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு போய்ப் பூட்டைத் திறந்தார்.

தினமும் காலையில் தரையைக் கழுவுகிறோம். குழுவுக்கு நாற்காலி போடுகிறோம், டீ போட்டு மூடி வைக்கிறோம். சாயங்காலம் ஆறிப்போன டீயை நான் குடிக்கிறேன். குழு இளைத்துப் போகிறது, நான் பெருத்துப் போகிறேன். ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் எல்லாரும் போர்வையை இழுத்துக்கொண்டு படுக்கிறார்கள். மாட்டு வண்டிக்குக்கூடப் படுத்தோம்.

ஒன்று கவனித்தேன். முதலில் எங்களைத்தான் கட்டிலில் போட்டார். அப்புறம் கரும்பாலைக்காரருக்கு உண்மையிலேயே காய்ச்சல், என் கட்டிலைக் கொடுத்தேன். தையல்காரரின் மருமகள் 'பிரசவம்' அட்டைக்குக் கீழே நிஜமாகவே பெற்றெடுத்தாள். பெண் குழந்தை, கத்தோ கத்து என்று கத்துகிறது. நடிக்கிறவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. அக்கா, இது ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. யாரும் வராததால் ஆகிவிட்டது.

நேற்று சாவிக்கொத்து பீப்பாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அடியிலிருந்து வந்தது. "குழு எப்ப சார் வரும்?" என்று சும்மா கேட்டேன். "வராம இருக்கிற வரைக்கும் நல்லதும்மா" என்றார்.

அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சில நேரம் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தால், வந்து உட்கார்ந்துவிட்டார்களோ என்று இருக்கிறது. நாங்கள் இத்தனை நாள் அவர்களுக்கு நோயாளியாக நடித்த மாதிரி, இப்போது அவர்கள் எங்களுக்கு ஆள் இல்லாத மாதிரி நடிக்கிறார்களோ என்னவோ.

கூடக் கொஞ்சம் டீசலுக்கு வழி உண்டா?

உன் வாலு


அக்டோபர் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூத்தவள் எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம்.

வாலுவை வாசிக்கச் சொல்லிக் கேள். நடுவில் அவள் சரக்கைச் சேர்த்தால் காதைத் திருகு.

நீ கேட்டாயே. ஆமாம் அம்மா, இளைத்துத்தான் போய்விட்டேன். ராத்திரி சமைப்பதில்லை. ரொட்டி ஒன்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். சில நாள் அதுவும் இல்லை. ஜன்னலுக்கு எதிரே கட்டடம் எழும்பிவிட்டதால் அறையில் வெளிச்சம் இல்லை. இதையெல்லாம் அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ என்ன சொல்கிறாய் என்று அந்த அம்மையார் கேட்டார். பின்னால் அதிகாரி. நாள் முழுக்க நான் தட்டச்சு செய்கிற வாக்கியம்தான் வாயில் வந்தது. நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னால் இன்னும் வருவார்கள் என்று நான் நினைத்தேன். நல்லபடியாக இருந்தால் எதற்கு வர வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

உத்தரவைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். எனக்கு இங்கே வேலை முடிந்துவிட்டது. அறையைக் காலி செய்துவிட்டு அடுத்த மாத ஆரம்பத்தில் பஸ் ஏறுகிறேன். குழு எதுவும் இல்லை அம்மா. நான் மட்டும்தான் வருகிறேன்.

எனக்குக் கொஞ்சம் சோறு எடுத்து வை.

உன் மகள்


அக்டோபர் 30

அக்காவுக்கு,

நான் நலம்.

உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடி வாசித்தேன். அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, என் சரக்கு எதுவும் சேர்க்காமல் வாசித்தேன். காதைத் திருகத்தான் ஆள் இல்லை. கடிதம் வருவதற்கு முந்தின வாரமே அம்மா போய்விட்டாள்.

டீசல் தீர்ந்துவிட்டது. சாவிக்கொத்து ரோட்டில் நின்று லாரிகளை மறித்துக் கேட்டு வாங்கி வந்தார். கேன் கேனாகச் சுமந்தார். அவரைக் குறை சொல்லாதே. ஒரு மத்தியானம், நல்ல வெயில், ஜெனரேட்டர் இருமியது. அம்மா மாதிரியே இருமியது. அப்புறம் நின்றது. மெஷினும் நின்றது. அவர் காலிக் கேனோடு ரோட்டுக்கு ஓடினார்.

நான் அம்மாவின் காதோரம் உட்கார்ந்து ஆரம்பித்தேன். டக்... உஸ்ஸ். டக்... உஸ்ஸ். அம்மா கண்ணைத் திறக்காமலே, "நல்லா ஓடுது" என்றாள். அதோடு சேர்ந்து இழுத்தாள். நான் நிறுத்தவே இல்லை, அக்கா. நாக்கு வறண்டது, நிறுத்தவில்லை. நர்ஸக்கா வந்து தன் கையால் என் வாயை மெல்லப் பொத்தினாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ரொம்ப நேரமாக நான் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தேன் என்று.

பொத்திய பிறகும் வார்டில் அந்தச் சத்தம் கேட்டது. விளையாடவில்லை. தையல்காரரும் கேட்டிருக்கிறார், அந்தக் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது. சாவிக்கொத்து கேனோடு திரும்பி வந்து, ஓடுகிறது என்றே நினைத்து மெஷின்மேல் கை வைத்தார். சில்லென்று இருந்தது என்றார்.

வார்டை அவர் இன்னும் பூட்டவில்லை. குழு வரும்வரை என்றுதானே உத்தரவு. பகல் வெளிச்சத்தில் நடத்துகிறோம். நர்ஸக்கா உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். தினமும் நாற்காலி போடுகிறோம். அம்மாவின் தலையணையை மட்டும் நான் யாரையும் தட்டிப் போட விடவில்லை. பள்ளம் அப்படியே இருக்கிறது.

நீ வருகிறாயே, அதற்கு ஒன்று. பஸ் சத்தம் கேட்டதும் எல்லாரும் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். பழகிவிட்டது. தையல்காரர் கூரையைப் பார்ப்பார். யாரும் உன்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார்கள். நீ சொல்லி வைத்ததை இன்னும் மறக்கவில்லை. சாவிக்கொத்து எழுந்து நின்று, நீங்கள் யாரென்று கேட்பார்.

இந்தத் தடவை சொல்லிவிடு.

சோறு எடுத்து வைத்திருக்கிறேன்.

வாலு